தாழ்வாக வைத்த மீன் தொட்டியில் நீர் மாற்றுவது எப்படி?

மேசை உயரத்தில் உள்ள மீன் தொட்டியில் நீர் மாற்றுவது எளிது. ரப்பர் குழாயின் ஒரு முனையைத் தொட்டிக்குள் விட்டு, மறுமுனையைத் தரையில் இருக்கும் வாளிக்குள் இறக்கினால், மீதி வேலையை நீரே பார்த்துக்கொள்ளும். தொட்டி தரையிலோ ஒரு சாண் உயரப் பலகையிலோ இருந்தால், அதே குழாயும் அதே வாளியும் பாதியில் கைவிட்டுவிடும். முதலில் வேகமாக விழும் நீர் மெல்ல மெல்லத் தளர்ந்து, வாளி நிரம்பும் முன்பே நின்றுபோகும். குழாயில் ஏதோ அடைத்துக்கொண்டது என்று எண்ணி, அதைத் தட்டியும் உதறியும் பார்ப்பவர்கள் பலர். அடைப்பு எதுவும் இல்லை. நீர் இறங்குவதற்குப் பள்ளம் இல்லை, அவ்வளவுதான். இந்த உயரக் கணக்கு பிடிபட்டுவிட்டால், தாழ்வான தொட்டியிலிருந்து நீரை வெளியேற்றுவதற்கு மட்டுமே சற்று யோசனை தேவை என்பதும், புது நீர் விடும் வேலை மேசைத் தொட்டியைவிட இதில் எளிது என்பதும் விளங்கும்.

உயரக் கணக்கு

குழாய் முழுவதும் நீர் நிறைந்திருக்கும்வரை, தொட்டியின் நீர்மட்டத்துக்கும் நீர் வெளியேறும் இடத்துக்கும் உள்ள உயர வேறுபாடுதான் சைஃபன் ஓட்டத்தை, அதாவது குழாய் வழியாக நீர் தானே இறங்கும் ஓட்டத்தை, நடத்துகிறது. குழாய் நடுவில் தொட்டியின் விளிம்பைத் தாண்டி மேலேறி இறங்குவதால் வீட்டுத் தொட்டிகளில் ஒன்றும் குறைந்துவிடுவதில்லை. ஆனால் குழாயின் முனை வாளி நீரில் மூழ்கிவிட்டால், அதன்பின் வாளியின் அடிப்பகுதி கணக்கில் வராது. வாளியில் ஏறிக்கொண்டே வரும் நீர்மட்டமே வெளியேறும் இடமாகிவிடும். தொட்டியின் மட்டம் இறங்க, வாளியின் மட்டம் ஏற, இரண்டும் சமமாகும் கணத்தில் ஓட்டம் நின்றுவிடும்.

60 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் கொண்ட ஒரு தொட்டி தரையிலேயே இருக்கிறது என்றும், அதில் 32 செ.மீ. உயரத்துக்கு நீர் இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். மூன்று அளவுகளையும் பெருக்கி 1000 ஆல் வகுத்தால், கூழாங்கற்களின் இடத்தைக் கழிக்காமல், ஏறத்தாழ 58 லிட்டர் வரும். அதில் கால் பங்கை எடுக்கவேண்டுமானால், 14 லிட்டருக்குச் சற்று அதிகமான நீர் வெளியேறவேண்டும்; தொட்டியின் மட்டம் 8 செ.மீ. இறங்கி 24 செ.மீ. ஆகும். 28 செ.மீ. விட்டமுள்ள சாதாரண வாளியில் அதே அளவு நீரை விட்டால், அதன் மட்டமும் ஏறத்தாழ 24 செ.மீ. வரை வந்துவிடும். அதாவது, வேலை முடிய வேண்டிய இடத்துக்கு வரும்போது ஓட்டம் சொட்டுச் சொட்டாகிவிடும். அதே நீரை 50 செ.மீ. விட்டமுள்ள அகன்ற டப்பில் விட்டால் 7 செ.மீ. உயரத்துக்கு மேல் சற்றே ஏறும். கடைசிச் சொட்டு விழும்போதுகூட 16 செ.மீ.க்கு மேல் இறக்கம் மிச்சமிருக்கும். பாத்திரத்தை மாற்றுவதொன்றே இவ்வளவு வேறுபாட்டைத் தருகிறது.

வேகமும் இந்த இறக்கத்தைப் பொறுத்ததே. 20 செ.மீ. இறக்கம் 5 செ.மீ. ஆகக் குறைந்தால், கணக்குப்படி ஓட்டத்தின் வேகம் பாதியாகும். குழாய் நீளமாகவோ ஒடுக்கமாகவோ இருந்தால் உராய்வினால் இன்னும் குறையும். ஆகவே, காற்றுப் பம்புக்குப் பயன்படும் மெல்லிய குழாயைத் தாழ்வான தொட்டிக்கு எடுத்துவருவதில் பொருளில்லை. 12 முதல் 16 மி.மீ. உள்விட்டமுள்ள குழாய் போதுமானது. தேவைக்கு மேல் நீளம் வைத்துக்கொள்ளாமல் வெட்டிவிடுவது நல்லது.

எவ்வளவு மாற்றுவது, எத்தனை நாளுக்கு ஒருமுறை

மீனின் கழிவிலும் தின்னாமல் விட்ட உணவிலும் உண்டாகும் அமோனியாவை, ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் கற்களிலும் ஒட்டி வாழும் பாக்டீரியாக்கள் முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அமோனியாவும் நைட்ரைட்டும் மீனுக்கு நஞ்சு. நிலைபெற்ற தொட்டியில் இரண்டும் சோதனையில் பூஜ்யமாகவே காட்டவேண்டும். நைட்ரேட்டின் தீங்கு அவ்வளவு கடுமையானதன்று என்றாலும், தாவரங்கள் சிறிது எடுத்துக்கொள்வது போக மீதி தொட்டியிலேயே தங்கிச் சேர்ந்துகொண்டே போகும். அதைக் குறைக்கும் வழிதான் நீர் மாற்றம். ஆவியாகிக் குறைந்த அளவுக்கு மட்டும் நீர் ஊற்றி நிரப்புவது நீர் மாற்றமாகாது. ஆவியாவது நீர் மட்டுமே. உப்புகளும் நைட்ரேட்டும் உள்ளேயே இருந்து அடர்த்தியாகிக்கொண்டிருக்கும்.

பெரும்பாலான நன்னீர்த் தொட்டிகளுக்கு வாரம் ஒருமுறை 20 முதல் 30 சதவீதம் என்பது நல்ல தொடக்கம். ஆனால் அதை மாறாத விதியாகக் கொள்ளாமல், சிறு கணக்கொன்றைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு வாரத்தில் தொட்டியின் நைட்ரேட் லிட்டருக்கு 10 மில்லிகிராம் ஏறுகிறது என்றும், வாரந்தோறும் கால் பங்கு நீரை மாற்றுகிறோம் என்றும் கொண்டால், நாளடைவில் அது மாற்றத்துக்கு முன் 40, பின் 30 என்ற அளவில் நிலைகொள்ளும். பாதி நீரை மாற்றினால் முன் 20, பின் 10 என்று நிற்கும். மீன்கள் நெருக்கமாக உள்ள தொட்டியில் கால் பங்கு ஏன் போதவில்லை என்பதற்கு இதுவே விடை. மாற்றத்துக்கு முன்பான அளவு 40க்கு மேல் போகாமலும், முடிந்தால் 20ஐ ஒட்டியும் இருக்குமாறு பங்கை அமைத்துக்கொள்ளலாம்.

முழு நீரையும் ஒரே நாளில் மாற்றுவதை மட்டும் ஒருபோதும் செய்யவேண்டாம். வெப்பநிலையும், நீரின் அமிலத் தன்மையையோ காரத் தன்மையையோ காட்டும் பி.எச். அளவும், கரைந்த உப்புகளும் திடீரென மாறும் அதிர்ச்சியை மீன்கள் தாங்குவதில்லை. பல மாதங்கள் கவனிக்காமல் விட்ட தொட்டியில் இந்த எச்சரிக்கை இரட்டிப்பாகப் பொருந்தும். அப்படிப்பட்ட தொட்டியில் பி.எச். தாழ்ந்து, அமோனியா, அவ்வளவாகத் தீங்கு செய்யாத அமோனியம் என்னும் வடிவில் அடங்கிக் கிடக்கலாம். புது நீர் பி.எச்.ஐ உயர்த்தியவுடன் அது நச்சு வடிவுக்குத் திரும்பும். அங்கே நாளுக்குப் பத்தில் ஒரு பங்கு என்று ஒன்றிரண்டு வாரம் பொறுமையாக மாற்றிவருவதே முறை.

நீரை வெளியேற்றுதல்

முதல் வேலை மின்சாரத்தைப் பற்றியது. ஹீட்டர், ஃபில்டர், விளக்கு ஆகிய மூன்றின் பிளக்குகளையும் கழற்றிவிட வேண்டும். சுவிட்சை அணைப்பதோடு நின்றுவிடக் கூடாது. ஹீட்டரை நீர் எடுப்பதற்குக் கால் மணி நேரமாவது முன்பே நிறுத்தினால்தான், சூடான கண்ணாடி வெளிக்காற்றில் பட்டு வெடிக்காமலிருக்கும். தாழ்வான தொட்டிக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. பிளக் பலகை பெரும்பாலும் தொட்டியின் பக்கத்திலேயே தரையில் கிடக்கும். சிந்தும் நீர் நேராக அதை நோக்கித்தான் ஓடும். அதைத் தரையிலிருந்து தூக்கி ஒரு நாற்காலியின்மேல் வைத்துவிட்டு வேலையைத் தொடங்கவேண்டும்.

அடுத்து, நீர்மட்டம் எங்கே வந்து நிற்கவேண்டுமோ அந்த உயரத்தில் கண்ணாடியின் வெளிப்புறம் ஒரு சிறு துண்டு செலோடேப்பை ஒட்டிவைக்கலாம். ஒருமுறை அளந்து ஒட்டினால் மாதக்கணக்கில் பயன்படும்.

குழாயை வாயால் உறிஞ்சித் தொடங்கும் பழக்கத்தை விட்டுவிடுவது நல்லது. தொட்டி நீரில் நோய்க்கிருமிகள் இருக்கக்கூடும் என்பது ஒருபுறமிருக்க, தாழ்வான தொட்டிக்கு உறிஞ்சுபவர் தரையோடு தரையாகப் படுக்கவேண்டியிருக்கும். அதற்குப் பதிலாக, குழாய் முழுவதையும் நல்ல நீரால் நிரப்பி, இரு முனைகளையும் கட்டைவிரல்களால் மூடிக்கொண்டு, ஒன்றைத் தொட்டிக்குள்ளும் மற்றதை டப்புக்குள்ளும் வைத்து, தொட்டிக்குள் உள்ள முனையை முதலில் திறந்து மற்றதைப் பிறகு திறந்தால் ஓட்டம் உடனே தொடங்கும். ஒரே ஆளாக இருந்தால், குழாயைச் சுருட்டித் தொட்டி நீருக்குள் முழுதும் அமிழ்த்தி, காற்றுக் குமிழிகள் வெளியேறியபின் ஒரு முனையை மூடி வெளியே இழுத்து இறக்கலாம். கையில் வெட்டோ சிராய்ப்போ இருந்தால் கையுறை அணியாமல் தொட்டிக்குள் கைவிடக் கூடாது. மைக்கோபாக்டீரியம் மரினம் என்னும் நுண்ணுயிரி அவ்வழியே புகுந்து, எளிதில் ஆறாத தோல் புண்ணை உண்டாக்கும்.

கூழாங்கற்களுக்கிடையில் தங்கிய கழிவை இந்த ஓட்டத்தோடு எடுத்துவிட வேண்டும். இதற்கென்று குழாயின் முனையில் பொருத்தப்படும் அகன்ற பிளாஸ்டிக் உருளையைக் கற்களுக்குள் செருகி, கழிவு மேலேறியபின் கற்கள் கீழே விழ விட்டு, அடுத்த இடத்துக்கு நகர்த்தவேண்டும். தாழ்வான தொட்டியில் ஓட்டம் மெதுவாக இருப்பதால், மிக அகன்ற உருளைக்குள் நீர் ஏறும் வேகம் போதாமல் கழிவு பாதியிலேயே மிதந்துகொண்டிருக்கும். ஆகையால் ஒடுக்கமான உருளையையே தேர்ந்தெடுக்கலாம். அதேபோல், மட்டம் உயரமாக இருக்கும் முதல் சில நிமிடங்களில்தான் இழுப்பு வலுவாக இருக்கும் என்பதால், கழிவு அதிகம் சேரும் மூலைகளை முதலில் எடுத்துக்கொள்ளவேண்டும். அடித்தளம் முழுவதையும் ஒரே நாளில் கிளறாமல், வாரத்துக்கு மூன்றில் ஒரு பகுதி என்று பிரித்துச் செய்தால் பாக்டீரியாக்களுக்குக் குந்தகம் வராது. மணல் தளமாக இருந்தால் உருளையைச் செருகாமல், ஓரிரு செ.மீ. மேலே நிறுத்திக் கழிவை மட்டும் உறிஞ்சவேண்டும்.

டப் நிரம்பியபின் அதை அப்படியே தூக்க முயலவேண்டாம். 14 லிட்டர் நீர் என்பது 14 கிலோ. அகன்ற பாத்திரத்தில் அது அலைமோதிப் பாதி வழியில் சிந்தும், தரையிலிருந்து குனிந்து தூக்கும் இடுப்பும் பழுதாகும். மக்கால் வாளிக்கு மாற்றி இரண்டு நடையாக எடுத்துச்செல்வதே மேல். அறையைவிடத் தாழ்ந்த குளியலறையோ வெளி முற்றமோ பக்கத்தில் இருந்தால், டப்பே வேண்டாம். குழாயை நேராக அங்குள்ள வடிகாலுக்கு விட்டுவிடலாம். ஆனால் பாத்திரம் நிரம்பி எச்சரிக்கும் வாய்ப்பு இதில் இல்லாததால், மறந்துபோனால் தொட்டியே காலியாகிவிடும். அதைத் தடுக்க எளிய வழி உண்டு. கழிவெடுக்கும் வேலை முடிந்ததும், தொட்டிக்குள் இருக்கும் குழாய் முனையைச் செலோடேப் ஒட்டிய மட்டத்துக்கு உயர்த்திக் கிளிப்பால் பிடித்துவைத்தால், நீர் அந்த மட்டத்துக்கு இறங்கியதும் குழாய்க்குள் காற்றுப் புகுந்து ஓட்டம் தானே அறுந்துவிடும்.

இறக்கமே கிடைக்காத அமைப்பில் சிறிய நீர்மூழ்கி மோட்டார் கைகொடுக்கும். அது நீரை எவ்வளவு உயரம் தூக்கும் என்பது அதன்மேலேயே குறிக்கப்பட்டிருக்கும். குறித்த உச்ச உயரத்தில் ஓட்டம் பூஜ்யம் என்பதால், தேவையான உயரத்தைப்போல் இருமடங்கு திறனுள்ளதை வாங்குவது நல்லது. உறிஞ்சும் வாயில் ஸ்பாஞ்சைக் கட்டினால் சிறு மீன்கள் சிக்காது. நீரில்லாமல் ஓடினால் மோட்டார் சூடேறிக் கெட்டுவிடும் என்பதால் பக்கத்திலேயே இருக்கவேண்டும். இதில் எளிதில் கண்ணில் படாத ஒரு சிக்கலும் உள்ளது. ஒருமுறை நான் மோட்டாரின் குழாய் முனையை ஸ்டூலின்மேல் வைத்த வாளிக்குள் முழுதாக அமிழ்த்தி வைத்துவிட்டு, வாளி நிரம்பியதும் சுவிட்சை அணைத்தேன். வாளி தொட்டியைவிட உயரத்தில் இருந்ததால் ஓட்டம் திரும்பி, எடுத்த கழிவு நீர் முழுவதும் அதே குழாய் வழியாகத் தொட்டிக்கே வந்து சேர்ந்தது. மோட்டாரைப் பயன்படுத்துபவர்கள் குழாயின் முனையை வாளி நீருக்கு மேலேயே தொங்கவிடவேண்டும்.

20 லிட்டருக்குள் அடங்கும் சிறு தொட்டிக்கு இந்த ஏற்பாடுகள் எதுவும் தேவையில்லை என்பது என் எண்ணம். ஒரு மக்கும் ஒரு வாளியும் போதும். அடியில் உள்ள கழிவுக்கு மட்டும் கையால் அமுக்கும் சிறு பம்பைப் பயன்படுத்தலாம்.

வெளியேற்றிய நீரில் ஒரு மக்கை எடுத்து, ஃபில்டர் ஸ்பாஞ்சை அதிலேயே அலசவேண்டும். குளோரின் உள்ள குழாய் நீரில் கழுவினால் அதில் வாழும் பாக்டீரியாக்கள் மடியும். பளிச்சென்று ஆகும்வரை பிழியவேண்டியதில்லை. அடைப்பு நீங்கினால் போதும். மீதி நீரில் உப்போ மருந்தோ கலந்திராவிட்டால், அது செடிகளுக்கு நல்ல உரம்.

புது நீரும் உயரத்தின் உதவியும்

புது நீருக்கான வாளியில் சோப்போ தரை துடைக்கும் மருந்தோ ஒருபோதும் பட்டிருக்கக் கூடாது; மீன் தொட்டிக்கென்றே ஒரு வாளியை ஒதுக்கிவிடவேண்டும். குழாய் நீரில் குளோரின் மட்டும் இருந்தால், ஒரு நாள் முழுதும் திறந்து வைத்து, காற்றுப் பம்பின் காற்றைக் குமிழிகளாக விடும் காற்றுக்கல்லையும் ஓடவிட்டால் அது பெரும்பாலும் போய்விடும். குளோரினும் அமோனியாவும் சேர்ந்த குளோரமைன் கலந்த நீரில் இம்முறை பலிக்காது. அது அவ்வளவு எளிதில் வெளியேறுவதில்லை. எதைக் கலந்திருக்கிறார்கள் என்று தெரியாத நிலையில், ஆன்டி குளோரின் எனப்படும் திரவத்தைப் பயன்படுத்துவதே பாதுகாப்பு. குளோரமைன் உடைபடும்போது அமோனியா மிஞ்சும் என்பதால், அதையும் கட்டுப்படுத்தும் வகையைத் தேர்ந்தெடுக்கவேண்டும். வாளியிலேயே கலப்பதானால் வாளி நீருக்குரிய அளவு போதும். குழாய் நீரை நேராகத் தொட்டிக்குள் விடுவதானால், தொட்டியின் மொத்தக் கொள்ளளவுக்கும் உரிய மருந்தை முன்னதாகவே ஊற்றிவிடவேண்டும்.

வெப்பநிலை, தொட்டியின் நீரோடு ஒன்றிரண்டு டிகிரி செல்சியஸுக்குள் ஒத்திருக்கவேண்டும். கையை விட்டுப் பார்த்துத் தீர்மானிப்பதைவிட வெப்பமானி நம்பகமானது. குளிர்ந்த குழாய் நீரை அப்படியே விட்டால், அதில் மிகுதியாகக் கரைந்துள்ள காற்று சூடேறும்போது வெளிப்பட்டு, கண்ணாடியிலும் மீனின் துடுப்புகளிலும் நுண்குமிழிகளாக ஒட்டிக்கொள்ளும். நீரைச் சில மணி நேரம் வைத்திருந்து விடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது தாழ்வு நமக்கு உதவியாகிறது. 45 செ.மீ. உயரமுள்ள உறுதியான ஸ்டூலைத் தொட்டியின் பக்கத்தில் போட்டு, அதன்மேல் வாளியைக் காலியாகவே வைத்து, மக்கால் சிறிது சிறிதாக நிரப்பவேண்டும். நிறைந்த வாளியைத் தூக்கி வைக்கவேண்டியதில்லை. மருந்தையும் அங்கேயே கலந்துகொள்ளலாம். தரையில் உள்ள தொட்டியின் விளிம்பு 36 செ.மீ. உயரத்தில் இருந்தால், வாளியின் அடிகூட அதைவிட மேலேதான் இருக்கும். ஆகவே கழுவிய அதே குழாயால் சைஃபன் தொடங்கினால், வாளியின் அடிவரை நீர் தடையின்றி இறங்கிவிடும். மேசைத் தொட்டிக்காரர்கள் நீர் நிறைந்த வாளியைத் தோளுயரத்துக்குத் தூக்கிப் பிடித்து ஊற்றும் சிரமம் இங்கே இல்லை. குழாயின் முனையைக் கண்ணாடிச் சுவரை ஒட்டி வைத்தோ, உள்ளே ஒரு சிறு தட்டைப் போட்டு அதன்மேல் விழச் செய்தோ விட்டால் கற்கள் குழிபடாது, செடிகள் பிடுங்கிக்கொண்டு மிதக்காது. ஓட்டம் வேகமாகத் தோன்றினால் குழாயைச் சற்று மடக்கிப் பிடித்தால் போதும். 14 லிட்டரைக் கால் மணி நேரத்தில் நிதானமாக விடுவது மீன்களுக்கும் நல்லது.

தொட்டியையே உயரமான மேடைக்கு மாற்றிவிடலாம் என்று இவ்வேளையில் தோன்றினால், நீர் பாதி குறைந்திருக்கிறதே என்று அப்படியே தூக்கிவிடக் கூடாது. கற்களும் எஞ்சிய நீரும் அழுத்தும் நிலையில் அடிக்கண்ணாடி சற்று வளைந்தாலும் ஒட்டுப் பிரியும். மீன்களையும் நீரையும் கற்களையும் எடுத்துவிட்டுக் காலித் தொட்டியை மட்டுமே நகர்த்தவேண்டும்.

நீர்மட்டம் ஹீட்டரின் குறியைத் தாண்டியபின்தான் அதன் பிளக்கைச் செருகவேண்டும். ஃபில்டரில் நீர் விழுகிறதா என்பதையும் நின்று பார்க்கவேண்டும். மீன்கள் சிறிது நேரம் ஒதுங்கி நிற்பது இயல்பு. மேல்மட்டத்தில் வாய் பிளந்து மூச்சுக்குத் திணறினால், குளோரினை நீக்கும் மருந்தை ஊற்றத் தவறியிருக்கலாம். உடனே ஆன்டி குளோரின் சேர்த்துக் காற்றோட்டத்தைக் கூட்டவேண்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவியபின், தொட்டியைச் சுற்றியுள்ள தரையையும் அடிப்பலகையின் ஓரங்களையும் நன்றாகத் துடைத்து உலர்த்தி, தொட்டியின் அடியோரமாக ஒரு காய்ந்த காகிதத்தை வைத்துவிடலாம். ஒரு மணி நேரம் கழித்து அந்தக் காகிதம் நனைந்திருந்தால், அது நீர் மாற்றும்போது சிந்தியதன்று. ஒட்டில் கசிவு இருக்கிறது.